மட்டிக்குப் பருவம் உண்டு, காக்கா ஆழிக்கு இல்லை

மர்பி டவுனில் இருந்தாலும், ஊர்ப்பக்கம் போனால் மட்டிக் குழம்பு சாப்பிடாமல் திரும்பாதவர்கள் நம்மிடையே உண்டு. ஒரு தடவை வாங்கும் மட்டியில் சதை கொழுகொழுவென்று இருக்கும். இன்னொரு தடவை ஓடுதான் மிச்சம், சதை வற்றிக் கிடக்கும். விற்பவரைத் திட்டிப் பயனில்லை. அது மட்டியின் இனப்பெருக்கக் கணக்கு.

மட்டி, ஆழி, சிப்பி எல்லாம் இரட்டை ஓட்டு உயிரினங்கள். பெரும்பாலானவற்றில் ஆண் விந்தையும் பெண் முட்டையையும் தண்ணீரிலேயே விட்டுவிடும். தனித்தனியாக விட்டால் வீண்தான். எனவே எல்லாம் ஒரே சமயத்தில் விட வேண்டும். அதற்கு மணியடிப்பது பெரும்பாலும் மழை. ஆற்றுநீர் கலந்து உப்பும் வெப்பமும் மாறுவதை உடல் உணர்ந்துகொள்ளும். அதற்கு முன் சதை பருத்திருக்கும், பிறகு வற்றிவிடும். குஞ்சுகள் சில வாரம் நீரில் மிதந்து, அப்புறம் ஓரிடத்தில் அமரும்.

கேரளத்தில் கல்லுமக்காய் எனப்படும் பச்சை ஆழி, தென்மேற்குப் பருவமழையை ஒட்டி இனம் பெருக்கும். கொல்லம் அஷ்டமுடிக் காயலில் மட்டிக்குப் பருவம் வேறு. அங்கே 1990களில் பிடிப்பு சரிந்தபோது, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மட்டி எடுப்பதை நிறுத்தினார்கள். பலன் கிடைத்தது. 2014-இல் அந்த மட்டித் தொழில், இந்திய மீன்வளத்திலேயே முதலாவதாக மரைன் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சில் சான்று பெற்றது.

அதே காயலில் தென் அமெரிக்க ஆழி ஒன்று படர்ந்திருப்பதை 2019-இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். அங்குள்ள மீனவர்கள் வைத்த பெயர் வரத்தன் கக்கா. நம் எண்ணூர், பழவேற்காடு மீனவர்கள் சொல்வது காக்கா ஆழி. கப்பல்கள் பாரத்துக்காக ஏற்றி இறக்கும் கடல்நீரோடு வந்திருக்கலாம் என்கிறார்கள். இதற்கு ஒற்றைப் பருவம் கிடையாது. ஆண்டு முழுவதும் இனம் பெருக்கும், உப்பு கூடினாலும் குறைந்தாலும் தாங்கும். நூல் போன்ற இழைகளால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு சேற்றின்மேல் பாய் விரித்ததுபோல் மூடிவிடும். அடியில் வாழும் மஞ்ச மட்டிக்கும் இறாலுக்கும் இடமில்லை. அவற்றைக் கையால் தடவிப் பிடிக்கும் குடும்பங்களின் வருமானம் போகிறது.

வரத்தன் என்ற சொல் பிழைக்க வந்த நமக்குச் சுருக்கென்று தைக்கும்தான். ஆனால் இங்கே சிக்கல் வெளியூர்க்காரன் என்பதல்ல, கட்டுப்படுத்த எதிரியும் பருவமும் இல்லாமல் பெருகுவதுதான். சொந்த மட்டியைக் காக்க மூன்று மாதத் தடை போதும். காக்கா ஆழியை ஆண்டு முழுவதும் அகற்ற வேண்டும். அதைவிட, கப்பல் நீரைச் சுத்திகரித்த பிறகே இறக்கச் செய்வது முக்கியம்.