ஊர்க்காடு: வரவு யாருக்கு, செலவு யாருக்கு?

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் ஊர்களில் கண்மாய்க் கருவேலமரம் ஏலம் போனால், வந்த தொகை எல்லோருக்கும் தெரிகிறது. அந்த மரம் வளர யார் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்பது மட்டும் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

ஜப்பான் கடனுதவியோடு 1997-ல் தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டம் தொடங்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களில் கிராம வனக்குழுக்கள் அமைந்தன. வனத்துறையும் ஊராரும் சேர்ந்து காட்டைக் காப்பது, பலனில் ஊருக்கும் பங்கு என்பது ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால், செலவு முதல் நாளே தொடங்கிவிடும். வரவுக்குப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

செலவுப் பக்கம்

கன்று நட்ட இடத்தில் முதல் இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆடு விடக்கூடாது. புஞ்சை உள்ளவருக்குச் சோளத்தட்டை இருக்கும். நிலமில்லாமல் பத்து ஆடு வளர்ப்பவர், ஆட்டை விற்கத்தான் வேண்டும். மந்தை குறைந்தால் புஞ்சையில் போடும் ஆட்டுக்கிடையும் குறையும். மானாவாரி விவசாயிக்கு எருச் செலவு கூடும்.

விறகுக்குப் போகும் பெண்களுக்குத் தொலைவு கூடும். ஒரு நடைக்கு ஒரு மணி நேரம் கூடுதல், வாரம் மூன்று நடை என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 156 மணி நேரம். கிட்டத்தட்ட 20 நாள் கூலி வேலைக்குச் சமம். குருமலைக் காடு போன்ற காட்டை ஒட்டிய புஞ்சைகளுக்கு மான், காட்டுப்பன்றித் தொல்லையும் உண்டு.

வரவுப் பக்கம்

கோடையில் ஆட்டுக்குக் கருவேல நெற்று, அறுத்தெடுக்கப் புல், அடுப்புக்குச் சுள்ளி, முற்றிய மரத்துக்கு ஏலத்தொகை. ஓடையோரம் மரம் நின்றால் கண்மாய்க்குள் வண்டல் சேர்வதும் குறையும். ஆனால், ஏலத்தொகை முழுவதும் பொதுச் செலவுக்கே போனால், ஆட்டை விற்றவர் கையில் எதுவும் நிற்காது. அவரே பிறகு வேலியைத் தாண்டி ஆட்டை விடுவார். காவலுக்கு ஆள் போட்டாலும் காடு நிற்காது.

அரபாரி காட்டிய வழி

மேற்கு வங்கத்து அரபாரியில் 1972-ல், வெட்டி அழிந்த குங்கிலியக் காட்டை 11 ஊர்களின் 618 குடும்பங்கள் காக்கத் தொடங்கின. மரம் விளைந்ததும் வருமானத்தில் 25 சதவிகிதம் அவர்களுக்கு என்பது பேச்சு. அதுவரை காத்திருக்கச் சொல்லி விட்டுவிடவில்லை. காட்டு வேலையில் கூலியும், விறகு, தீவனம் எடுக்க வழியும் கொடுத்தார்கள். காடு மீண்டது.

கரிசலுக்கு எது பொருந்தும்?

முழு இடத்தையும் ஒரே நேரத்தில் அடைக்காமல், மூன்று பங்காக்கி ஒவ்வொன்றாக அடைக்கலாம். அடைத்த பங்கில் புல் அறுக்கும் உரிமையை ஆடு வளர்ப்பவர்களுக்கே முதலில் கொடுக்கலாம். நடவு, காவல் வேலையில் நிலமில்லாதவர்களுக்கு முன்னுரிமை வேண்டும். ஏலத்தொகையில் யாருக்கு எவ்வளவு என்பதைக் கன்று நடும் முன்பே கிராம சபையில் பேசித் தீர்மானமாக எழுதிவிட வேண்டும். மரம் விலைக்கு வந்த பிறகு பேச உட்கார்ந்தால், பலமுள்ளவர் குரல்தான் எடுபடும்.