சுவரில் தொங்கும் காதல் ஓவியம்: நெய்ததா, அச்சடித்ததா?

ஆற்றில் ஒரு படகு. அதில் வெள்ளை உடையில், கூந்தல் கலைந்த ஒரு பெண். ஆன்லைனில் 'வால் டேப்பஸ்ட்ரி' தேடினால் அடிக்கடி கண்ணில் படும் படம் இது. 1888-இல் ஜான் வில்லியம் வாட்டர்ஹவுஸ் வரைந்த 'தி லேடி ஆஃப் ஷலாட்'. அசல் ஓவியம் லண்டன் டேட் பிரிட்டனில் இருக்கிறது.

இதன் மூலம் டென்னிசனின் கவிதை. அதன் நாயகியே ஒரு நெசவுக்காரிதான்! வெளியுலகை நேரில் பார்த்தால் சாபம். கண்ணாடியில் தெரிவதைப் பார்த்து நெய்துகொண்டே இருக்க வேண்டும். ஒருநாள் லான்சலாட் என்ற வீரன் குதிரையில் போக, மனசு கேட்காமல் திரும்பிப் பார்த்துவிடுகிறாள். கண்ணாடி விரிசல் விடுகிறது. படகில் ஏறியவள் போகும் வழியிலேயே உயிரை விடுகிறாள். ஓவியத்தில் படகின் விளிம்பில் தொங்குகிறதே பூவேலைத் துணி, அது அவள் நெய்தது. சின்ன அளவில் வாங்கினால் இந்த அழகு தெரியவே தெரியாது.

சரி, வாங்கலாமா? இங்கேதான் சிக்கல். கடைகளில் மூன்று வகைக்கும் ஒரே பெயர்.

பாலியஸ்டர் துணியில் படத்தை அச்சடித்தது முதல் வகை. இரண்டாவது, ஜக்கார்டு தறியில் நெய்தது. காஞ்சிபுரத்தில் தறிக்கு மேலே துளை போட்ட அட்டைகள் தொங்குமே, அதே நுட்பம். எந்த நூல் மேலே எழ வேண்டும் என்பதைத் துளைதான் சொல்லும். இப்போது அந்த வேலையைக் கம்ப்யூட்டர் பார்க்கிறது.

மூன்றாவது, கையால் நெய்வது. வில்லியம் மோரிஸ் 1879-இல் தன் படுக்கையறையில் தறி போட்டு, முதல் டேப்பஸ்ட்ரியை நெய்ய 500 மணி நேரத்துக்கும் மேல் எடுத்துக்கொண்டார். அதனால் சில ஆயிரம் ரூபாய்க்கு ஒரு பெரிய படத்தைக் காட்டி "கையால நெஞ்சதுங்க" என்று யாராவது சொன்னால், நம்ப வேண்டாம்.

கண்டுபிடிப்பது சுலபம், திருப்பிப் பாருங்கள். அச்சு என்றால் பின்பக்கம் வெளுத்திருக்கும். ஜக்கார்டு என்றால் நிறங்கள் இடம் மாறி, போட்டோ நெகட்டிவ் மாதிரி தெரியும். கைநெசவில் அதே படம் இடவலம் மாறி, நூல் முனைகளோடு இருக்கும். ஆன்லைனில் வாங்குவோர் பின்பக்க போட்டோவைக் கேட்டு வாங்கிய பிறகே பணம் கட்டலாம்.