கடன் வலையை வரையும்போது யார் மறைகிறார்கள்?

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் 2016-17இல் கடலூர், விழுப்புரம் வட்டாரக் கிராமங்களில் ‘நீம்சிஸ்’ என்னும் கணக்கெடுப்பை நடத்தினர். யாரிடம் கடன் பெற்றீர்கள், வேலை யார் மூலம் கிடைத்தது என்றெல்லாம் அதில் கேட்கப்பட்டது. இடையில் வந்தது 2016 நவம்பர் 8ஆம் நாளின் பணமதிப்பிழப்பு. ரொக்கம் வற்றியபோது மக்கள் நாடியது இந்த உறவுகளைத்தான்.

மனிதரைப் புள்ளியாகவும் உறவைக் கோடாகவும் குறித்தால் அது வலைப்படம். சில நூறு குடும்பங்களை ஒரே தாளில் வரைந்துவிடலாம். கைப்பேசிப் பணப்பரிமாற்றம்போலக் கோடிக்கணக்கான கோடுகள் என்றால் ஒரு கணினி போதாமல் போகலாம். ‘அப்பாச்சி ஸ்பார்க்’ கட்டமைப்பு தரவைப் பல கணினிகளுக்குப் பகிர்ந்தளித்துக் கணக்கிடுகிறது. அதன் ‘கிராஃப்எக்ஸ்’ பகுதி, யார் யாரோடு இணைந்துள்ளனர், எந்தப் புள்ளி முக்கியமானது என்று சொல்லும். படம் வரைந்து தராது. விடையை அப்படியே ‘கெஃபி’ போன்ற வரைகருவியில் கொட்டினால் திரையில் தெரிவது சிக்குண்ட நூற்கண்டுதான். ஆகவே சுருக்குகிறார்கள்: ஒரு குழுவையே ஒரு புள்ளியாக்குவது, கோடு குறைந்த புள்ளிகளை நீக்குவது என்று.

கவலை இங்குதான். நீக்கப்படும் அந்த ஒற்றைக்கோட்டுப் புள்ளி, ஒரே ஒருவரிடம் மட்டுமே கடன் கேட்க முடிந்த கூலித் தொழிலாளியாக இருக்கலாம். தேடப்பட வேண்டியவரே அவர்தான். போதாக்குறைக்கு, உறவினர் தந்த கைமாற்றும் கந்துவட்டியும் படத்தில் ஒரே மாதிரிக் கோடாகிவிடக்கூடும். நலத்திட்டமோ வங்கிக் கடனோ இத்தகைய படத்தைக் கொண்டு முடிவாகுமானால், எவை எந்த அளவுகோலில் நீக்கப்பட்டன என்பதைப் படத்தின் அடியிலேயே அச்சிட வேண்டும்.