8 பிட் சில்லு உறைந்துபோனால் யார் எழுப்புவது?

அறிவியல் புத்தாக்கப் போட்டிகளுக்காக மாணவர்கள் செய்யும் தானியங்கி நீர் பாய்ச்சும் கருவியைப் பல பெற்றோர் பார்த்திருப்பார்கள். மண் காய்ந்தால் பம்ப் ஓடும், ஈரமானதும் நிற்கும். பெரும்பாலும் அதை இயக்குவது 2010ஆம் ஆண்டில் அறிமுகமான அர்டுயினோ ஊனோ பலகை. அதன் மூளை, ஏடிமெகா328பி எனும் 8 பிட் மைக்ரோகண்ட்ரோலர்.

நார்வேயின் டிரான்ட்ஹெய்ம் நகரில் ஆல்ஃப் எகில் போகன், வேகார்ட் வோலன் என்ற இரு மாணவர்களின் சிந்தனையில் உருவான ஏவிஆர் குடும்பத்தைச் சேர்ந்தது இந்தச் சில்லு.

8 பிட் என்றால், ஒரு நேரத்தில் 0 முதல் 255 வரையிலான எண்ணையே அது கையாளும். மண்ணின் ஈர அளவு 0 முதல் 1023 வரை பதிவாகும். அதை இரண்டு துண்டாக வைத்துக்கொண்டுதான் கணக்கிடும். நிரலுக்கு 32 கிலோபைட், இயங்கும்போது தேவைப்படும் தகவல்களுக்கு 2 கிலோபைட், மின்சாரம் போனாலும் அழியாத 1 கிலோபைட். அதன் நினைவகம் அவ்வளவுதான். கைப்பேசியில் எடுக்கும் ஒரு படம்கூட அதில் அடங்காது.

ஆனாலும் அது போதும். ஊனோவில் அதன் கடிகாரம் வினாடிக்கு 1 கோடியே 60 லட்சம் முறை துடிக்கிறது. மண் காய்வதற்கோ பல மணி நேரமாகும்.

சிக்கல் வேகத்தில் இல்லை. கணினி உறைந்துபோனால் நாம் மீண்டும் முடுக்கிவிடுவோம். நள்ளிரவில் தோட்டத்தில் இருக்கும் சில்லு உறைந்தால்? உணர்கருவியின் கம்பி கழன்று, வராத பதிலுக்காக நிரல் காத்துக்கொண்டே இருந்தால், பம்ப் விடியும்வரை ஓடும்.

இதற்காகவே சில்லுக்குள் 'வாட்ச்டாக்' எனும் காவல் கடிகாரம் தனியாக இயங்குகிறது. குறித்த நேரத்துக்குள் நிரல் அதற்குத் தகவல் தர வேண்டும். தவறினால், அது சில்லை மீண்டும் முதலிலிருந்து தொடங்கவைக்கும். அந்த நேரத்தை 16 மில்லிவினாடி முதல் 8 வினாடி வரை அமைக்கலாம். மறுதொடக்கத்தின்போது சில்லின் வெளியீட்டுக் கால்கள் ஓய்வுநிலைக்குத் திரும்பும். அந்த நிலையில் பம்ப் நிற்கும்படி மின்சுற்றை அமைப்பது மாணவரின் பொறுப்பு.

ஊனோவில் இந்தக் காவல் தானாக இயங்காது. நிரலில் அதை முடுக்க வேண்டும். எல்லா வேலையும் ஒழுங்காக முடிந்த பிறகே 'நலம்' என்ற தகவலை அனுப்ப வேண்டும். அந்தப் பணியைத் தனியாக ஓடும் டைமரிடம் ஒப்படைப்பது, வகுப்புக்கு வராத நண்பனுக்காக வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடுவதற்குச் சமம். முக்கிய வேலை நின்றுபோனாலும் தகவல் போய்க்கொண்டே இருக்கும்.

போட்டிக்கு முன் ஒரு சோதனை செய்யலாம். பம்ப் ஓடும்போது நிரல் முடிவில்லாமல் ஒரே இடத்தில் சுற்றும்படி வேண்டுமென்றே ஒரு வரியைச் சேர்த்துப் பாருங்கள். சில வினாடிகளில் பம்ப் நின்றால், அந்தக் கருவியை நம்பி வீட்டில் தூங்கலாம்.