அங்கதத்திற்குப் பொறுப்பாளர் யார்? – 'இந்தியா' இதழ் முதல் இணையம் வரை நெல்லை சார்ந்த மூன்று நிகழ்வுகள்

ஆய்வுச்சுருக்கம்

அரசியல் அங்கதம் தண்டிக்கப்படும்போது அதற்கான பொறுப்பு யார்மீது விழுகிறது என்ற வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது. 1908-இல் 'இந்தியா' வார இதழ், 1987-இல் ஆனந்த விகடன், 2017-இல் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலகத் தீக்குளிப்பை ஒட்டி இணையத்தில் வெளியான கேலிச்சித்திரம் ஆகிய மூன்று நிகழ்வுகள் ஒப்பிடப்படுகின்றன. அங்கதம் வெளிப்படையானதா மறைமுகமானதா என்பதைவிட, அதை வெளியிடும் ஊடகத்தின் அமைப்பே இடரை ஏற்பவரைத் தீர்மானிக்கிறது என்பதும், இணையம் படைப்பாளருக்கும் வெளியீட்டாளருக்கும் இடையே இருந்த வேறுபாட்டை அழித்துவிட்டது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: அங்கதம், கேலிச்சித்திரம், அவதூறு, பேரவை உரிமை மீறல், இணைய வெளியீடு, திருநெல்வேலி

முன்னுரை

அங்கதம் தமிழுக்குப் புதியதன்று. தொல்காப்பியச் செய்யுளியல் அதனைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என இரண்டாகப் பகுக்கிறது. பழியை வெளிப்படக் கூறுவது முன்னது. மறைத்துக் கூறுவது பின்னது. இப்பகுப்பு கூற்றின் தன்மையை விளக்குகிறதே தவிர, கூறியவருக்கு என்ன நேர்ந்தது என்பதை விளக்குவதில்லை. அச்சு ஊடகம் வந்த பின்னர், 'இதைக் கூறியவர் யார்?' என்ற வினாவுடன் 'இதை வெளியிட்டவர் யார்?' என்ற வினாவும் சேர்ந்துகொண்டது. நீதிமன்றங்களும் காவல்துறையும் பெரும்பாலும் இரண்டாம் வினாவையே முதலில் கேட்டன.

இவ்வினாவுக்குக் காலந்தோறும் கிடைத்த விடைகளை அறியத் தாமிரபரணிப் பகுதியோடு தொடர்புடைய மூன்று நிகழ்வுகள் இங்கே எடுத்துக்கொள்ளப்படுகின்றன. முதல் நிகழ்வில் அங்கதம் செய்தவர் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தவர். இரண்டாவதில் தண்டனைக்குத் தலைமை ஏற்றவர் சேரன்மகாதேவித் தொகுதியின் உறுப்பினர். மூன்றாவதில் நிகழ்விடமும் வழக்கிடமும் திருநெல்வேலியே.

அச்சுக்காலம்: பதிவுபெற்ற பெயர்

எட்டயபுரத்தில் 1882-இல் பிறந்து, திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளியில் பயின்ற பாரதியார், 1906-இல் சென்னையில் தொடங்கப்பட்ட 'இந்தியா' வார இதழின் உயிர்நாடியாக இருந்தார். அரசியல் கேலிச்சித்திரங்களைத் தொடர்ந்து வெளியிட்ட முன்னோடித் தமிழ் இதழ் அது. அச்சித்திரங்களை ஆ. இரா. வேங்கடாசலபதி தொகுத்து 1994-இல் நூலாக்கியுள்ளார்.

1908 மார்ச் 12-இல் வ. உ. சிதம்பரனார் கைது செய்யப்பட்டார். மறுநாள் திருநெல்வேலியில் எழுச்சி வெடித்தது. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிரிழந்தனர். அதன்பின் சுதேசி இதழ்கள்மீது அரசின் பார்வை கடுமையாயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டில் 'இந்தியா' இதழில் வெளியான எழுத்துகளுக்காக அரச நிந்தனை வழக்கு தொடரப்பட்டது. ஆனால் சிறை சென்றவர் பாரதியார் அல்லர். இதழின் பொறுப்பாளராகப் பதிவு பெற்றிருந்த மு. சீனிவாசன் கைது செய்யப்பட்டு, ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். பாரதியார் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குச் சென்றார். இதழும் அங்கிருந்து மீண்டும் வெளிவந்து, 1910-இல் நின்றுபோனது.

இதற்குக் காரணம் 1867-ஆம் ஆண்டின் அச்சகம் மற்றும் நூல் பதிவுச் சட்டம் உருவாக்கிய அமைப்பாகும். இதழை அச்சிடுபவரும் வெளியிடுபவரும் நடுவர்முன் உறுதிமொழி அளித்துத் தம் பெயரைப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. அரசு தேடிவரும்போது அதன் கையில் இருந்தது அப்பெயர்தான். எழுதியவரின் பெயர் தெரியாதபோதும், தெரிந்தும் மெய்ப்பிக்க இயலாதபோதும், பதிவுபெற்றவரே பொறுப்பேற்றார். இவ்வமைப்பு சீனிவாசனுக்குப் பெருந்துன்பம் தந்தது. பாரதியாருக்கோ எழுதுவதற்கான காலத்தைத் தந்தது. ஆட்சி எல்லை வேறுபட்ட ஓர் ஊர் அருகில் இருந்ததும் அதற்குத் துணைநின்றது.

இதழாசிரியரின் பொறுப்பு: 1987

விடுதலைக்குப் பிந்தைய நிகழ்வில் வழக்கு மன்றமே வேறு. ஆனந்த விகடனின் 1987 மார்ச் 29 இதழ் அட்டையில் அமைச்சர்களையும் சட்டமன்ற உறுப்பினர்களையும் கேலி செய்த நகைச்சுவைத் துணுக்கு ஒன்று சித்திரத்துடன் வெளியானது. அதில் எந்தத் தனிமனிதரின் பெயரும் இல்லை. தொல்காப்பியப் பகுப்பில் வைத்துப் பார்த்தால், தனியொருவரைச் சுட்டாத அளவில் அது பழிகரப்புக்கு நெருக்கமானது.

ஆயினும் மறைப்பு காப்பாற்றவில்லை. தமிழ்நாடு சட்டப் பேரவை அதனை உரிமை மீறலாகக் கருதி, ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியன் மன்னிப்பு வெளியிட வேண்டும் என்றது. அவர் மறுத்தார். 1987 ஏப்ரல் 4-இல் பேரவை அவருக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. அப்போது பேரவைத் தலைவராக இருந்தவர் சேரன்மகாதேவித் தொகுதியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட பி. எச். பாண்டியன். நாடெங்கும் இதழாளர்களின் எதிர்ப்பு எழவே, சில நாள்களில் ஆசிரியர் விடுவிக்கப்பட்டார். பின்னர் அவர் தொடுத்த வழக்கில், 1994-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்கு 1,000 ரூபாய் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது.

பேரவையின் உரிமைகளை அரசமைப்புச் சட்டத்தின் 194-ஆம் பிரிவு பொதுவாகக் குறிப்பிடுகிறது. எவை மீறல்கள் என்ற பட்டியலைத் தரவில்லை. எனவே குறை கூறப்பட்ட அவையே முறையீட்டாளராகவும் தீர்ப்பாளராகவும் அமைந்தது. எனினும் இங்கும் சிறை சென்றவர் துணுக்கை எழுதியவரோ சித்திரத்தை வரைந்தவரோ அல்லர். முழுப்பொறுப்பும் தமதே என ஆசிரியர் ஏற்றார். ஒரு பெரிய நிறுவனமும், அதன் வாசகர்களும், பிற இதழ்களும் அவருக்குப் பின்னால் நின்றனர்.

வானொலியில் இல்லாத இடம்

அச்சுக்கும் இணையத்திற்கும் இடைப்பட்ட பெரும் ஊடகம் வானொலி. திருநெல்வேலி வானொலி நிலையம் 1963 டிசம்பர் 1-இல் ஒலிபரப்பைத் தொடங்கியது. நாட்டுப்புறப் பாடல், நாடகம் என அப்பகுதியின் வாழ்வோடு வானொலி கலந்தது. ஆயின் அரசியல் அங்கதத்திற்கு அதில் இடமில்லை. அரசியல் கட்சியைப் பெயர் சுட்டித் தாக்குவதையும், மத்திய, மாநில அரசுகளைக் கடுமையாகக் குறைகூறுவதையும் அகில இந்திய வானொலியின் ஒலிபரப்பு நெறிமுறை விலக்கியிருந்தது.

அலைவரிசை பொதுச்சொத்து என 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னர்த் தனியார் பண்பலை நிலையங்கள் வந்தன. அவற்றுக்கும் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப உரிமை தரப்படவில்லை. அமெரிக்காவில் தனியார் வானொலியின் அரசியல் பேச்சு நிகழ்ச்சிகள் பெருவணிகமாக வளர்ந்தன. அவற்றை எள்ளுவதற்கென்றே எழுதுவோரும் அங்கு உருவாயினர். இங்கோ அத்தகைய வானொலியே தோன்றவில்லை. ஆதலால் அச்சில் இடம் கிடைக்காத அங்கதம் நேராக இணையத்திற்குச் சென்றது. அதன் இலக்கும் பெரும்பாலும் அரசாகவே இருந்தது.

இணையக்காலம்: 2017

2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை. தாமிரபரணிக் கரையில் கொக்கிரகுளத்திலுள்ள ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். கந்துவட்டிக் கொடுமை குறித்துப் பலமுறை மனு அளித்தும் தீர்வு கிட்டவில்லை எனக் கூறப்பட்ட கூலித்தொழிலாளர் ஒருவர், மனைவியுடனும் இரு சிறு பெண் குழந்தைகளுடனும் அந்த வளாகத்திலேயே தீக்குளித்தார். நால்வரும் உயிரிழந்தனர். கந்துவட்டியைத் தடுக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 2003 முதல் நடைமுறையில் இருந்தது என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

சென்னையில் வாழ்ந்த கேலிச்சித்திரக் கலைஞர் பாலா இந்நிகழ்வைக் குறித்து ஒரு சித்திரம் வரைந்து இணையத்தில் வெளியிட்டார். எரியும் குழந்தையின்முன் முதலமைச்சரும், மாவட்ட ஆட்சியரும், காவல் ஆணையரும் ஆடையின்றி, பணக்கட்டுகளால் தம்மை மறைத்து நிற்பதாக அது அமைந்தது. ஐயத்திற்கு இடமின்றி இது செம்பொருள் அங்கதம். ஆட்சியர் தரப்பின் முறையீட்டின்பேரில் திருநெல்வேலிக் காவல்துறை வழக்குப் பதிந்து, நவம்பர் 5-இல் பாலாவைச் சென்னையில் கைது செய்து, ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருநெல்வேலிக்குக் கொண்டுவந்தது. மறுநாள் நீதிமன்றம் அவரைப் பிணையில் விடுவித்தது.

வழக்கில் சேர்க்கப்பட்ட இரு சட்டப்பிரிவுகளின் இயக்கத்தை விளக்குவது பயனுடையது. ஒன்று, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 501-ஆம் பிரிவு. அவதூறானது என அறிந்தே ஒன்றை அச்சிடுதல் அல்லது பொறித்தல் பற்றியது. இக்குற்றத்திற்குக் காவல்துறை பிடியாணையின்றிக் கைது செய்ய இயலாது. மேலும் பாதிக்கப்பட்டவரே நேரில் முறையிட்டாலோ, பொது ஊழியர் பொருட்டு அரசு வழக்கறிஞர் உரிய இசைவுடன் முறையிட்டாலோதான் நீதிமன்றம் அவதூறு வழக்கை ஏற்கும். மற்றொன்று, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஆம் பிரிவு. ஆபாசமானதை மின்னணு வடிவில் வெளியிடுதல் பற்றியது. முதன்முறைக் குற்றத்திற்கு மூன்றாண்டு வரை சிறை விதிக்கத்தக்க இப்பிரிவில் பிடியாணையின்றிக் கைது செய்யலாம்; பிணையும் உரிமையாகக் கிடைக்கும். ஆகவே அவதூறு என்ற குறை கைதுக்கு வழி தரவில்லை. ஆபாசம் என்ற குறையே வழி தந்தது. அதே குறையின் இயல்பே மறுநாள் விடுதலைக்கும் இடமளித்தது.

இதற்கு ஈராண்டுக்கு முன்னர், 2015 மார்ச் 24-இல், இணையக் கருத்துகளுக்காகப் பரவலாகப் பயன்பட்ட 66-ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் செல்லாதது என அறிவித்திருந்தது. மறுபுறம் 2016-இல், அவதூறு குற்றமாகத் தொடர்வது செல்லும் என அதே நீதிமன்றம் கூறியது. ஒரு கதவு மூடியபோதும் வேறு கதவுகள் திறந்தே இருந்தன என்பதை இவ்வழக்கு காட்டியது. 2022-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வழக்கை ரத்து செய்தது. மக்களுக்கு நெறி கற்பிப்பது நீதிமன்றத்தின் பணியன்று என்பது அத்தீர்ப்பின் சாரமாகும்.

பொறுப்பின் இடமாற்றம்

மூன்று நிகழ்வுகளையும் ஒருசேர நோக்கினால் சில உண்மைகள் தெளிவாகின்றன.

முதலாவது, மறைத்துக் கூறுவது பாதுகாப்பன்று. பெயர் சுட்டாத 1987-ஆம் ஆண்டுத் துணுக்கு கடுங்காவலுக்கு வழிவகுத்தது. முகமே காட்டிய 2017-ஆம் ஆண்டுச் சித்திரத்தின் வழக்கு இறுதியில் ரத்தாயிற்று.

இரண்டாவது, 1908-இலும் 1987-இலும் படைப்பாளருக்கும் அரசுக்கும் இடையே ஒருவர் நின்றார். 2017-இல் எவரும் இல்லை. வரைந்தவர், ஆசிரியர், வெளியீட்டாளர் மூவரும் ஒருவரே. சித்திரத்தைப் பல்லாயிரவரிடம் கொண்டுசேர்க்கும் முகநூல் போன்ற நிறுவனங்களை, உரிய விதிகளைப் பின்பற்றும் வரையில், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆம் பிரிவு பொறுப்பிலிருந்து விடுவிக்கிறது. அச்சுக்காலச் சட்டம் வெளியீட்டாளரை முன்னிறுத்தியது. இணையக்காலச் சட்டம் பரப்புபவரை விலக்கிவிட்டுப் படைத்தவரை முன்னிறுத்துகிறது.

மூன்றாவது, இணையத்திற்குப் புதுச்சேரி இல்லை. சித்திரம் எங்கும் காணப்படுவதால் வழக்கும் எங்கும் தொடரப்படலாம். ஓரிடத்தில் வாழ்ந்து வேறிடத்தில் விடை கூற வேண்டிய நிலை, துணை நிற்க நிறுவனமற்ற தனிமனிதருக்குத் தண்டனைக்கு முன்பே ஒரு தண்டனையாகிறது. 2017-இல் தொடங்கிய வழக்கு முடிய ஏறத்தாழ ஐந்தாண்டுகள் ஆயின.

எதிர்வாதமும் எண்ணத்தக்கது. ஆடையின்றி வரைதல் தகுமா, இறந்த குழந்தையின் துயரை அங்கதத்தின் பொருளாக்கலாமா என்ற வினாக்கள் அப்போதே எழுந்தன. இதழ் அலுவலகத்தில் ஓர் ஆசிரியர் இவ்வினாக்களை வெளியீட்டுக்கு முன்னரே எழுப்பியிருக்கக்கூடும். ஆசிரியர் இல்லாமை காப்பை மட்டுமன்றி, இரண்டாவது பார்வையையும் நீக்கிவிடுகிறது. எனினும் தகுதியின்மை வேறு, குற்றம் வேறு. முன்னதற்கு விடை விமர்சனமே தவிரக் கைதன்று.

முடிவுரை

அங்கதத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் நகைச்சுவையின் நயத்தையும் படைப்பாளரின் துணிவையும் ஆராய்கின்றனர். வெளியீட்டின் அமைப்பும் அதே அளவு ஆராயப்பட வேண்டும். சீனிவாசனின் ஐந்தாண்டுச் சிறை 'இந்தியா'வின் வரலாற்றில் உரிய இடம் பெறவில்லையெனில், அவ்வங்கதத்தின் விலையை நாம் அறிந்தவராக மாட்டோம். 2024 ஜூலை முதல் பழைய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துள்ளது. அதிலும் அவதூறு 356-ஆம் பிரிவில் குற்றமாகவே தொடர்கிறது. எனவே இவ்வினா பழங்கதையன்று.

இறுதியாக ஒன்று. கொக்கிரகுளத்தில் பலமுறை அளிக்கப்பட்டதாகக் கூறப்பட்ட மனுக்கள் ஒரு குடும்பத்தைக் காக்கவில்லை. அதைச் சுட்டிய சித்திரத்தின்மீதான முறையீடோ இரு வாரத்திற்குள் கைதில் முடிந்தது. இவ்விரு வேகங்களுக்கும் இடையிலான வேறுபாட்டையே அச்சித்திரமும் சுட்ட முயன்றது. அது கூறியதன் பொருளைச் சித்திரத்தைவிடத் தெளிவாக அவ்வழக்கே விளக்கிவிட்டது எனலாம்.