கரைந்தும் அறாத சங்கிலி

எம் மாணவர்கள் விழா மேடையில் உடுத்தி நிற்கும் பருத்தி வேட்டியை உற்று நோக்குவோம். பருத்தியின் பெரும்பகுதி செலுலோசு. பல ஆயிரம் குளுக்கோசு அலகுகள் கைகோத்து நிற்கும் நெடுஞ்சங்கிலியே அது. தேநீரிற் போட்ட சீனி கரைகின்றது. வேட்டியோ எத்தனை முறை தோய்த்தாலும் கரைவதில்லை. சங்கிலிகள் ஐதரசன் பிணைப்புகளால் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருப்பதே காரணம்.

மரத்திலும் செலுலோசு உண்டு. அதைக் கரைத்தாலன்றி நூலாக்க இயலாது. 1892இல் குரொஸ், பெவன், பீடில் என்னும் ஆங்கில இரசாயனவியலாளர் மூவர், எரிசோடாவும் காபனிருசல்பைட்டும் கொண்டு அதைக் கரைக்கும் விஸ்கோஸ் முறையைக் கண்டனர். ஆனால் காபனிருசல்பைட்டு தொழிலாளரின் நரம்புகளைத் தாக்கும் நஞ்சு. தமிழகத்திலும், சிறுமுகையில் இயங்கிய விஸ்கோஸ் ஆலையின் கழிவு பவானி ஆற்றை மாசுபடுத்தியது.

ஆகவே தீங்கு குறைந்த கரைப்பானை அறிஞர் தேடினர். 2002இல் அமெரிக்காவின் அலபாமாப் பல்கலைக்கழகத்தார், செலுலோசு அயன் திரவங்களிற் கரைவதை எடுத்துக்காட்டினர். அயன் திரவம் என்பது 100 பாகை செல்சியசுக்குக் கீழேயே திரவமாயிருக்கும் உப்பு. அதன் அயன்கள் ஐதரசன் பிணைப்புகளை விடுவித்துச் சங்கிலிகளைப் பிரிக்கின்றன.

இங்கே ஓர் இடர் உண்டு. சங்கிலிகள் ஒன்றிலிருந்து ஒன்று பிரியவேண்டும். எந்தச் சங்கிலியும் நடுவே அறுதல் ஆகாது. அறுந்த குறுஞ்சங்கிலிகளால் ஆன நூல் வலுவற்றது. இதைத் தடுக்க வழிகள் மூன்று. முதலாவது, வெப்பத்தையும் நேரத்தையும் அளவோடு வைத்தல். பின்லாந்தின் ஆல்ற்ரோப் பல்கலைக்கழகத்தார் ஏறத்தாழ 80 பாகையில் நூற்கின்றனர். இரண்டாவது, கரைப்பானைத் தூய்மையாக வைத்தல். அதில் எஞ்சும் அமிலம் சங்கிலியை வெட்டும். மூன்றாவது, ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் புரப்பைல் கலேற்றைச் சிறிதளவு சேர்த்தல். கடுக்காயிலுள்ள கலிக் அமிலத்திலிருந்து பெறக்கூடிய பொருளே இது. பின்னர், கரைசலை நுண்துளைகள் வழியே நீரினுட் செலுத்த, செலுலோசு மீண்டும் நூலாகின்றது. கரைப்பானையும் மீட்டெடுக்கலாம்.

பெற்றோரே, பிளேஸ்டோவில் வளரும் எம் பிள்ளைகள் இந்நாட்டுச் சமூகத்திற் கலப்பது இயல்பு, கலக்கவும் வேண்டும். அறாதிருக்க வேண்டியது மொழியென்னும் சங்கிலி. ஊரிற் பிரம்பெடுத்துப் படிப்பித்த நாம், மிகுந்த சூடு அதனை அறுத்துவிடும் என்பதை இங்கு வந்தே உணர்ந்தோம். வீட்டில் அன்போடு நாளும் பேசப்படும் சிறிதளவு தமிழே அதற்குக் காப்பு.