துணிகளில் கிருமி நீக்கம்: ப்ளீச்சும் ஆசிட்டும் ஒன்று சேரவே கூடாது!

மழைக்காலம் வந்துவிட்டால் நம் டெல்டா ஊர்களில் துவைத்த துணி காய்வதே பெரும்பாடு. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்தபோது முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், பட்டுக்கோட்டை பகுதிகளில் கூரையும் போய், மின்சாரமும் இல்லாமல், நனைந்த துணிகளோடு நம் மக்கள் பட்ட சிரமம் யாருக்கும் மறந்திருக்காது. இதுபோன்ற நேரங்களிலும், வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கு வந்தாலும் "ப்ளீச்சிங் பவுடர் போட்டு ஊற வை" என்பதுதான் முதலில் வரும் யோசனை.

அன்றாடத் துணிக்கு அது தேவையே இல்லை. சோப்புத்தூள் போட்டுத் துவைத்து, நன்றாக அலசி, ஈரம் இல்லாமல் காயவைத்தால் போதும். மார்க்க ரீதியான சுத்தம் வேறு, கிருமி நீக்கம் வேறு. நஜீஸ் பட்ட துணியை அது நீங்கும்வரை சுத்தமான தண்ணீரில் கழுவினாலே தொழுகைக்கு ஆகும். டெட்டால் வாசனை அடித்தால்தான் சுத்தம் என்பதெல்லாம் நாமாக நினைத்துக்கொள்வது.

வாந்தி, மலம், இரத்தம், சாக்கடை கலந்த வெள்ளநீர் பட்ட துணிகளுக்குத்தான் கிருமி நீக்கம் அவசியம். அந்தத் துணிகளை உதறாமல், கையுறை போட்டுத் தனியாக எடுங்கள். முதலில் சோப்புப் போட்டுச் சுடுதண்ணீரில் துவைத்துவிடுங்கள். அழுக்கு இருந்தால் குளோரின் அதிலேயே வீணாகிவிடும். பிறகு 10 லிட்டர் பச்சைத் தண்ணீரில் 5 சதவீத ப்ளீச் திரவம் 100 மில்லி கலந்து, அரை மணி நேரம் ஊறவைத்து அலசி, வெயிலில் போடுங்கள். ப்ளீச்சைச் சுடுதண்ணீரில் கலக்க வேண்டாம். பவுடர்தான் இருக்கிறது என்றால் கரைத்துத் தெளியவைத்து மேல்நீரை மட்டும் எடுங்கள்; கட்டி பட்ட இடத்தில் துணி ஓட்டையாகிவிடும்.

கறுப்பு புர்காவையும் பட்டுச்சேலையையும் இதில் போட்டுவிடாதீர்கள். புர்கா செம்பட்டையாகிவிடும், பட்டு இற்றுப்போகும். செம்மை படியும் போர் தண்ணீராக இருந்தால் வெள்ளைக் கைலிகூட மஞ்சளாகும். இவற்றுக்கெல்லாம் துணி தாங்கும் அளவு சூடான தண்ணீரும், வெயிலும், இஸ்திரியும்தான் சரி.

மதரஸா விடுதியிலிருந்து பிள்ளை சிரங்கோடு வந்தால் ப்ளீச்சைத் தேடவே வேண்டாம். சிரங்குப் பூச்சி மனித உடலை விட்டு விலகினால் இரண்டு மூன்று நாளுக்கு மேல் பிழைக்காது. துணிகளையும் போர்வையையும் 60 டிகிரி சூட்டில் துவையுங்கள். துவைக்க முடியாததைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி குறைந்தது மூன்று நாள் வைத்தால் போதும். வீட்டில் உள்ள எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மருந்து போடுவது அதைவிட முக்கியம்.

பெரிய ஆபத்து குளியலறையில்தான். நம் வீடுகளில் துணி ஊறுவதும் கழிப்பறை கழுவுவதும் பெரும்பாலும் ஒரே இடத்தில், கதவைச் சாத்திக்கொண்டு நடக்கிறது. கழிப்பறை கழுவும் திரவங்கள் பலவற்றில் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் இருக்கிறது. அது ப்ளீச்சோடு சேர்ந்தால் அந்த நொடியே குளோரின் வாயு கிளம்பும். வினிகர், எலுமிச்சைச் சாறு சேர்ந்தாலும் அதேதான். அம்மோனியா உள்ள கிளீனரோடு சேர்ந்தால் வேறொரு நச்சு வாயு வரும். ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் கொஞ்சம் பட்டாலே மூச்சுத் திணறும். கண் எரிச்சலோ இருமலோ வந்தால் வாளியை எடுக்கக்கூட நிற்காமல் வெளியே வந்துவிடுங்கள். கண்ணில் தெறித்திருந்தால் 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். மூச்சு சிரமமாக இருந்தால் 108-ஐ அழையுங்கள்.

மீந்த ப்ளீச்சைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. தாகத்தோடு ஓடிவரும் பிள்ளைக்கு அது தண்ணீராகத்தான் தெரியும். வாங்கிய பாட்டிலிலேயே, எட்டாத உயரத்தில் வையுங்கள். கலக்கிய தண்ணீர் மிஞ்சினால் அன்றே கொட்டிவிடுங்கள்.